இடக்கைக்காரன் எடுத்த துப்பாக்கி

எனக்குத் துப்பாக்கி தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் தெரியாது. இரண்டாவதுதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் தோட்டம் பசறைப் பக்கம். நான் கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடி வெட்டுகிறவன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் ஒரே காம்பரா, ஒரே அறை. அதில் நான், சாந்தி, பிள்ளைகள் மூன்று, சாந்தியின் அப்பா, அம்மா. ஏழு பேர். ஜன்னல் கிடையாது. மாமாவுக்கு நெஞ்சுச் சளி. அவர் இருமினால் நாங்கள் ஏழு பேரும் எழும்புவோம். (அவரையும் சேர்த்துத்தான்.)

அந்த வருசம் காட்டுப் பன்றி வந்து நாற்று மேடையை உழுதுவிட்டது. தோட்டத்து மேனேஜர், எங்கள் தொரை, காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கே வந்து கவ்வாத்து ஆட்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். துப்பாக்கி வாங்கப் போகிறோம், காவலுக்கு வாச்சர் ஒருத்தன் வேண்டும், யாருக்குத் துப்பாக்கி தெரியும் என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வாச்சருக்கு மேட்டில் தனி வீடு உண்டு. இரண்டு அறை, சமைக்கக் குசினி, வாசலில் பைப்பு. எனக்கு அந்த வீடுதான் கண்ணில் தெரிந்தது.

"தெரியும்ங்க தொரை" என்றேன்.

எங்கே பழகினாய் என்று கேட்டார். கொழும்பில் என்றேன். பொய் இல்லை. நான் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நின்றபோது பக்கத்துக் கட்டடத்து செக்யூரிட்டிக்காரர் டீ குடிக்க வருவார். துப்பாக்கியை மேசையில் சாய்த்து வைப்பார். நாலு மாசம் அதைப் பார்த்தேன். தொட்டதில்லை.

முதலில் சுட்டுக் காட்டு, அப்புறம் வீட்டுச் சாவி என்றார் தொரை. துப்பாக்கி வருவது திருட்டு வேட்டைக்காரன்களுக்குத் தெரிந்தால் தூக்கிவிடுவான்கள், ஒருத்தரும் வெளியில் சொல்லக்கூடாது என்று எங்கள் எல்லாரிடமும் சொன்னார். நான் சாந்தியிடமும் சொல்லவில்லை. சாவியோடு போய் நிற்கலாம் என்று இருந்தேன்.

கணக்கப்பிள்ளையும் நானும் பதுளைக்குப் போனோம். தோட்டத்துப் பேரில் கடுதாசி எல்லாம் சரியாக இருந்தது. கடை முதலாளி மூன்று துப்பாக்கியை எடுத்து வைத்தார். ஒன்று ஒற்றைக் குழாய். ஒன்று இரட்டைக் குழாய். மூன்றாவது, ஒரு தரம் சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். விசையை அழுத்த அழுத்தச் சுடும்.

முதலாளி ஒற்றைக் குழாயைத்தான் என் பக்கம் தள்ளினார். புதுசாகப் பிடிக்கிறவனுக்கு இதுதான் தோது, மண் விழுந்தாலும் மழை பட்டாலும் சுடும், கெட்டுப்போக இதில் ஒன்றும் இல்லை என்றார்.

நான் கவ்வாத்துக் கத்தி எடுக்கிற மாதிரிதான் எடுத்தேன். வேறு என்ன தெரியும். கையில் வைத்துப் பாரம் பார்த்தேன். நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டேன். மோந்தும் பார்த்தேன். கணக்கப்பிள்ளை என்னையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவதுதான் கையில் நின்றது. இது என்றேன்.

முதலாளி என் கையைப் பார்த்தார்.

"தம்பி இடக்கையா? இது சுட்டதும் வெத்துத் தோட்டாவ வலப் பக்கமாத்தான் துப்பும். நீங்க பிடிக்கிற மாதிரி பிடிச்சா மூஞ்சிப் பக்கமா வருமே."

சின்ன வயசிலிருந்து என் இடக்கையைப் பற்றி எல்லாரும் ஏதாவது சொல்லியிருக்கிறார்கள். இவரும் சொல்கிறார் என்று நினைத்தேன். "பழக்கம் இருக்குங்க" என்றேன்.

மறுநாள் பத்து மணி. லயத்துக்குக் கீழே கல் உடைத்த பள்ளம். தொரை, கணக்கப்பிள்ளை, நான். கல்லின் மேல் எண்ணெய் டின் ஒன்று. கணக்கப்பிள்ளை தன் காக்கிச் சட்டையை எனக்குக் கொடுத்திருந்தார். கழுத்துப் பக்கம் எனக்கு ரொம்பப் பெரிது.

சுட்டேன். தோளைக் கழுதை உதைத்தது. வெத்துத் தோட்டா கன்னத்தில் பட்டுக் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அடுப்பிலிருந்து எடுத்த கொள்ளி மாதிரிச் சூடு. நான் குதித்தேன். விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. குதிக்கக் குதிக்க இன்னும் இரண்டு போனது. அது இரண்டும் எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது. டின் அசையவில்லை. தொரை வேறொரு கல்லுக்குப் பின்னால் படுத்திருந்தார். கணக்கப்பிள்ளை தண்ணி ஓடுகிற கானுக்குள் கிடந்தார்.

அப்புறம் மலையில் ஒரு பொம்பளை அழுகிற சத்தம். அப்புறம் பத்துப் பேர்.

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் மூன்று வெடி போடுவார்கள். அதைக் கேட்டால் கொழுந்து எடுக்கிறவர்கள் அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அது அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். அன்றைக்கு வெடி கேட்டது லயத்துப் பக்கம். லயத்தில் படுத்த படுக்கையாக இருந்தது ஒரே ஆள். என் மாமா.

மலை முழுக்க இறங்கி வந்தது. "இவங்க ஏன் வாறாங்க?" என்று தொரை கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது.

நான் லயத்துக்கு ஓடினேன். சாந்தி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள், தலை அவிழ்ந்து. சாவுக்குத் தப்பு அடிக்கிறவர்கள் அதற்குள் முச்சந்தியில் நெருப்புப் போட்டுத் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாமா வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஒரு மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் எழும்பி உட்கார்ந்திருக்கிறார். சாந்தி போய் அவர் காலில் விழுந்தாள்.

"யாரு செத்தா?" என்றார்.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ரொட்டியைக் கீழே வைத்தார்.

"நானா?"

கடைசியில் அவரே சொன்னார், வந்தது வந்துட்டீங்க, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க என்று. எண்பது பேருக்கும் மேல். மாமியார் டீ ஊற்றினார். அழ வந்தவர்கள் சீனி கேட்டார்கள். நான் காக்கிச் சட்டையோடும் கன்னத்தில் கொப்புளத்தோடும் தண்ணி தூக்கினேன்.

அன்றைக்குக் கொழுந்து பாதிதான் நிறுக்கிற மடுவத்துக்குப் போனது. மறுநாள் பெரட்டில் தொரை என்னிடம் இரண்டே வார்த்தை பேசினார். "கவ்வாத்துக்குப் போ."

துப்பாக்கி தெரியாது என்று தைரியமாகச் சொன்ன ஒருத்தனுக்கு வாச்சர் வேலை கிடைத்தது. அவனுக்கு ஒற்றைக் குழாய் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று மாசத்தில் பழகிவிட்டான். வீடும் அவனுக்குத்தான்.

நான் பெரட்டில் தெரியும் என்று சொன்ன கதை சாந்திக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சோறு போடும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த வீட்டுல ஜன்னல் எத்தன?"

"மூணு."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும்.

மாமா அதே காம்பராவில் இன்னும் ஆறு வருசம் இருந்தார். இருமிக்கொண்டே இருந்தார். போன வருசம் ஒரு நாள், சாந்தியும் மாமியாரும் பதுளைக்குப் போயிருந்த காலையில், இருமல் நின்றது. நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். வெளியே வந்து நானே மூன்று வெடியையும் கொளுத்தினேன்.

ஒருத்தரும் வரவில்லை.

வாசலில் நின்று மலையைப் பார்த்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். கொஞ்சம் பொறுத்தேன். அப்புறம் மலை ஏறினேன்.

கங்காணி என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா லிங்கம், தொரை திரும்பவும் துப்பாக்கி குடுத்துட்டாரா?"

"மாமா போயிட்டாருங்க."

அவர் என் கையைப் பார்த்தார். கை வெறுமையாகத்தான் இருந்தது.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேங்க."

அப்படியும் ஒரு பொம்பளையைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். அவள் இறங்கிப் போனாள். நானும் கங்காணியும் நின்றோம். கீழே அவள் குரல் எடுத்து அழுதாள். அதற்கு அப்புறம்தான் கொழுந்துச் சாக்கைக் கீழே வைத்தார்கள்.

இப்போது வீட்டில் நான் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். மழை வருது என்றால், நல்லா பாத்தீங்களாப்பா. பஸ் போயிட்டுது என்றால், நல்லா பாத்தீங்களாப்பா. சாந்தியும் சிரிக்கிறாள். நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவர்களில் ஒருத்தர் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.