தப்பியோடும் ஒத்திகை

மினாஸ் மலைச்சரிவில் இருந்த அந்தக் காப்பித் தோட்டத்தில் அடிமைத்தனம் அறவே கிடையாது. கிடையாது என்பதை உறுதி செய்யத் தலைமை அலுவலகம் ஆண்டுதோறும் ஓர் அறநெறி அதிகாரியை அனுப்பிவைத்தது.

பழம் பறிக்கும் ஜுராந்திருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சனிக்கிழமை மகள் ரோசிலேனிக்குக் கல்யாணம். எப்படியாவது ஊர் போய்ச் சேர வேண்டும். மேனேஜர் எவாண்ட்ரோவோ, அறுவடை முடியும்வரை வெளிவாசலைப் பூட்டி, எல்லோருடைய வேலை அட்டையையும் மேசைக்குள் போட்டுப் பூட்டியிருந்தார்.

"பொண்ணு கல்யாணம் சார்."

"கல்யாணம் அவளுக்குத்தானே? நீ போய் என்ன பண்ணப்போறே?"

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி லூசினெய்டி வந்து இறங்கினார். இந்த ஆண்டு புதிய நடைமுறை. தீ விபத்துக்கு ஒத்திகை நடத்துவதுபோல இது தப்பியோடுவதற்கு ஒத்திகை. தொழிலாளர்கள் சுதந்திரமாக இருப்பதாக வாயால் சொன்னால் போதாதாம். அட்டையும் கையுமாக வாசலைத் தாண்டி நடந்து காட்ட வேண்டுமாம்.

"கதவைத் திறக்கணுமா?" எவாண்ட்ரோ சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்திகைக்கு மட்டும்தான். போட்டோ எடுத்ததும் பூட்டிக்கலாம்."

ஜுராந்திர் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம்மா. எவ்வளவு தூரம் போகணும்?"

"அது உங்க இஷ்டம். நான் சொன்னா கட்டாயப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"திரும்பி வரணுமா?"

லூசினெய்டி விதிகளைப் புரட்டிப் பார்த்தார். "வாங்கன்னு சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை."

"இது என்ன கூத்து மேடம்!" என்று கத்தினார் எவாண்ட்ரோ.

"சும்மா இருங்க சார், மார்க் குறைஞ்சிடும்."

வாசல் திறந்தது. எல்லோரும் நடந்தார்கள். லூசினெய்டி கைதட்டினார். வளைவில் பஸ் வந்து நின்றது, எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். அதற்கும் கைதட்டினார்.

மறுநாள், பன்றிக்கறியும் பீன்ஸும் மணக்க மணக்க, ஜுராந்திர் மகளோடு ஆடிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அப்போது போன் அடித்தது. லூசினெய்டி.

"ஜுராந்திர் ஐயா, நம்ம தோட்டத்துக்குத் தங்க முத்திரை கிடைச்சிருக்கு! கட்டாயத்துல வேலை செய்யறவங்க ஒருத்தர்கூட இல்லையாம்."

"வேலை செய்யறவங்களே இல்லையேம்மா?"

"அதான் இப்ப தலைவலி. பழமெல்லாம் மரத்துலயே காயுது. கப்பலுக்கு நேரமாச்சு, நீயே பறின்னுட்டாங்க தலைமை அலுவலகத்துல. மேனேஜரும் பக்கத்து மரத்துலதான் நிக்கறார். நாளைக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லையாம்."

ஜுராந்திருக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. "வாசலைத்தான் திறந்தாச்சே, நடந்து வந்துடுங்கம்மா. மேனேஜரையும் கூட்டிக்கிட்டு வாங்க. சாப்பாடு நிறைய இருக்கு."

"வாசல் திறந்துதான் இருக்கு, ஐயா," என்றார் லூசினெய்டி. "அதிகாரிகளுக்கு ஒத்திகை எப்பன்னுதான் இன்னும் சுற்றறிக்கை வரலை."