நான் சாயம் போட்ட அரக்கு பனியன்

அலுவலக அணிக்காகப் பன்னிரண்டு வருடம் கூடைப்பந்து ஆடியதில் நான் செய்த தப்பாட்டங்களுக்கு அளவே இல்லை. பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் இதை இப்போது தைரியமாக ஒப்புக்கொள்கிறேன்.

அணியில் நான் ஆடிய இடத்துக்குக் கார்டு என்று பேர். உயரமானவர்கள் கூடைக்கு அடியில் நின்று பந்தைப் போட்டுப் பேர் வாங்குவார்கள். என்னைப்போல் குள்ளமானவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு போய் அவர்களிடம் சேர்ப்பதோடு, எதிரணிக் கார்டை மறித்தும் நிற்க வேண்டும். ஆரணிப் பள்ளி மைதானத்திலேயே இதற்கு ஒரு வித்தை பழகியிருந்தேன். நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிராளியின் இடுப்பில் லேசாகக் கை வைத்தால் போதும், அவள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். விதிப்படி அது தப்பு. (விதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் விளையாடுவது எப்போது?)

எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னை அரசு அலுவலகம் ஒன்று பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தது. தேர்வானால் வேலையும் உண்டு. வீட்டிலோ அப்போது ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடிக்கும் கட்டம். நல்ல மனிதர்தான், ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் பந்தைத் தொடக் கூடாது என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அழுது அடம்பிடித்ததில் அப்பா இறங்கி வந்தார். சென்னைக்குப் போய் ஆடிப் பார், கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு சேத்துப்பட்டு என்றார். தலையாட்டினேன்.

வெள்ளை பனியன் ஒன்றும் கலர் பனியன் ஒன்றும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் இருந்த இரண்டும் வெள்ளை. அப்பா நெசவாளர்களுக்குப் பட்டு நூலில் சாயம் தோய்த்துக் கொடுப்பவர். அவர் போட்ட சாயம் போகவே போகாது என்று ஊரே சொல்லும். அன்று அவர் நூலை உலர்த்தப் போயிருந்த நேரம், அண்டாவில் அரக்குச் சாயம் மீந்து கிடந்தது. ஒரு பனியனை எடுத்து முக்கினேன். காய்ந்ததும் முகூர்த்தப் புடவை மாதிரி அப்படி ஒரு நிறம். அப்பாவிடம் கேட்கத் தோன்றவே இல்லை. சாயக்காரர் மகளுக்குச் சாயத்தைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர்தான்.

சென்னையில் கொளுத்துகிற வெயில். துணைக்கு வந்த அப்பா மைதானத்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார். கலர் பனியன் அணியில் நான், வெள்ளை அணியில் எனக்கு எதிர் கார்டாக மதுரையிலிருந்து வந்த ஒரு பெண். நல்ல வேகம். ஆனால் என் வித்தைக்கு முன்னால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வியர்த்த கையைப் பனியனில் துடைத்தேன், அவள் இடுப்பைத் தொட்டேன், பந்தைப் பறித்தேன். மறுபடியும் துடைத்தேன், தொட்டேன், பறித்தேன். மனசுக்குள் சேத்துப்பட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

அப்போதுதான் நடுவர் விசில் ஊதினார். பந்து சும்மா கிடந்தது. அவர் நேராக மதுரைப் பெண்ணிடம் போய் அவளைத் திரும்பி நிற்கச் சொன்னார். வெள்ளை பனியனில் இடுப்புக்கு இந்தப் பக்கம் ஐந்து விரல், அந்தப் பக்கம் ஐந்து விரல், முதுகில் ஒரு முழு உள்ளங்கை, எல்லாம் அரக்கு நிறத்தில். வெள்ளை அணியின் மற்ற பெண்களும் தங்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒன்றாவது இருந்தது.

"கையைக் காட்டும்மா" என்றார் நடுவர்.

மருதாணி வைத்துச் சிவந்த மாதிரி இருந்த இரண்டு கையையும் நீட்டினேன். அவர் ஒவ்வொரு பெண்ணாகச் சுற்றி வந்து எண்ணினார். மொத்தம் பதினொன்று. ஐந்து தப்பாட்டத்துக்கே ஒருத்தி வெளியே போக வேண்டும். நான் இரண்டு பேருக்கான தப்பைச் செய்து முடித்திருந்தேன்.

வெளியே வந்து அப்பாவிடம் உட்கார்ந்ததும் அவர் என் பனியன் ஓரத்தைக் கசக்கிப் பார்த்தார்.

"இது பட்டுச் சாயம்மா. பருத்தியில நிக்காது. என்னாண்ட ஒரு வார்த்தை கேக்காம முக்கிகினு வந்துட்டியே."

எனக்கு வேலை போன துக்கம், அவருக்குச் சாயம் போன துக்கம். நான் தேம்பித் தேம்பி அழுதேன். கண்ணைத் துடைக்கத் துடைக்க முகமும் அரக்கு நிறமானது.

அந்தக் கோலத்தில்தான் தேர்வுக்குழுவில் இருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பதினொரு தடவை தொட்டும் நடுவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே, எப்படி என்று கேட்டார். இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்று வித்தையை முழுதாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அவ திரும்புற பக்கம் ஒவ்வொரு தடவையும் உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. இனிமே கை வைக்காம அதைச் செய்யணும். செய்வியா?"

செய்வேன் என்றேன். (சுத்தப் பொய். அதற்கு எனக்கு நாலு வருடம் பிடித்தது.)

ஒரு மாதத்தில் வேலை உத்தரவு வந்தது. மதுரைப் பெண்ணும் தேர்வாகி, பன்னிரண்டு வருடம் என் பக்கத்திலேயே ஆடினாள். சேத்துப்பட்டுக்கு அப்பாவே போய், சம்பந்தம் வேண்டாமென்று பேசிவிட்டு வந்தார். மகளுக்கு வேலை கிடைத்த சேதியைத் தெருவில் யார் விசாரித்தாலும், அந்தச் சாயம் பட்டில் போட்டால் போகவே போகாது என்பதை முதலில் விளக்கிவிட்டுத்தான் அவர் வேலையைப் பற்றிச் சொல்வார்.

என் வீட்டில் இன்றைக்கும் தட்டிலிருந்து ஓர் அதிரசம் குறைந்தால் யாரையும் விசாரிப்பது கிடையாது. கணவர், மகன், மருமகள் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "கையைக் காட்டு" என்பார்கள். நானும் உடனே இரண்டு கையையும் நீட்டிவிடுவேன். கை சுத்தமாகத்தான் இருக்கும். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு அதைச் சொல்லத்தான் கொஞ்ச நேரம் ஆகும்.