சர்வே நம்பர் மேல் பிளாஸ்திரி

மனை வாங்கப் போகிறவனுக்கு, விற்கிறவனைவிடத் தன்னைப் போல் வாங்க வருகிற இன்னொருவன் மேல்தான் பயம் ஜாஸ்தி. மலிவாக ஓர் இடம் கண்ணில் பட்டுவிட்டால், அது எங்கே இருக்கிறது என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மனசு வராது.

எனக்கு அப்படி ஓர் இடம் சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவில் அகப்பட்டது. நானும் என் மனைவியின் தம்பி செந்திலும் சேர்ந்து வாங்கி, மனை பிரித்து விற்பதாகத் திட்டம். (ரியல் எஸ்டேட் அதிபர்கள்! பிழைப்பு என்னவோ கடலூர் செம்மண்டலத்தில் ஜெராக்ஸ் கடைதான்.) மனைவியின் வளையல்களை அடகு வைத்து முன்பணம் தயார். அதைக் கொடுப்பதற்கு முன், பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று ஒரு வக்கீல் சொல்ல வேண்டும்.

அந்த வக்கீலே இடத்தை வேறு யாருக்காவது முடித்துக் கொடுத்துவிட்டால்? பத்திர நகலில் சர்வே நம்பர், ஊர், பெயர்கள் எல்லாவற்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டினேன்.

"பத்திரத்துக்கு அடிபட்டுருச்சா மாமா?" என்றான் செந்தில்.

கடலூர் வக்கீல்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்கள். ஒருவர் மட்டும், அடியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில், மனை வாங்கி விற்கிறவர்களுக்கென்றே பத்திரம் பார்த்துக் கொடுக்கும் ஒருவர் சிதம்பரத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அவர் சிரிக்கவில்லை. காபி வரவழைத்தார்.

"நம்மகிட்ட இந்த மாதிரி நெறைய பேரு வராங்க. சும்மா சொல்லுங்க, அப்படி என்ன மலிவு?"

அந்த அன்பில் உருகிப்போனேன். "விக்கிறவரு சுத்த ஏமாளி சார். ஊரு நெலவரமே தெரியல. பங்காளி தொல்லையும் இல்லியாம். ஒரே ஒரு தம்பி, அவன் ஒரு வெத்துவேட்டு, கையெழுத்தே தேவையில்லன்னாரு."

வக்கீல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நானே பிளாஸ்திரியை உரித்துக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"அந்த வெத்துவேட்டு நான்தாங்க."

அவர் அங்கேயே போனை எடுத்து, "அப்பா சொத்த எனக்குத் தெரியாம விக்கிறியாண்ணே?" என்று கத்த ஆரம்பித்தார். அண்ணன் தம்பி சண்டை முடியும்வரை நாங்கள் இருவரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "வாங்காதீங்க. இது வக்கீலா சொல்றது. தம்பியா சொன்னா இன்னும் சத்தமா சொல்லுவேன்."

அடகிலிருந்து வளையல்கள் தப்பின. இன்றைக்கும் எங்களுக்குப் பத்திரம் பார்ப்பவர் அவர்தான். என் மானம்தான் தப்பவில்லை. போன மாதம் பல்வலி என்று டாக்டரிடம் போனேன். எந்தப் பல் என்று அவர் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மனைவி முந்திக்கொண்டாள்.

"அவரு சொல்லமாட்டாரு டாக்டர். வேற யாராச்சும் முடிச்சிருவாங்கன்னு பயம்."