தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை

பெதபாடு மண்டலத் தாசில்தார் அலுவலகத்தில் மதச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், முதலில் ஒரு மதம் இருந்தாக வேண்டும். இந்த அநியாயத்தை எதிர்த்து ராமாஞ்சநேயுலு பதினோரு வருஷம் போராடினார். அவருக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பகுத்தறிவுச் சங்கச் செயலாளர். பெயரில் இரண்டு சாமிகளைச் சுமந்துகொண்டு, கடவுள் இல்லை என்று மேடையேறிச் சொல்வது லேசான காரியமில்லை. அதையும் அவர் இருபத்தேழு வருஷமாகக் குரல் கம்மாமல் சொல்லி வந்தார்.

கடைசியில் அரசு இறங்கி வந்தது. விண்ணப்பத்தில் ‘மதமற்றவர்’ என்றொரு கட்டம் முளைத்தது. அதில் மாவட்டத்தின் முதல் டிக் தன் மகளுடையதாக இருக்க வேண்டும் என்று ராமாஞ்சநேயுலு முடிவு செய்தார். மகள் பெயர் ஜிக்ஞாசா. அறியும் ஆவல் என்று பொருள். அவரே தேடி வைத்தது. அவளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சான்றிதழோடு போய் நிற்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

புதன்கிழமை காலை இருவரும் கவுண்டரில் நின்றார்கள். சீனியர் அசிஸ்டெண்ட் வீரபத்ர ராவ் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"உறுதிமொழி ஒண்ணு இருக்கு. பொண்ணு வாயாலயே சொல்லணும். ‘கடவுள் இல்லை என்று நான் ஐயமற அறிவேன்.’ சொல்லும்மா."

"எனக்குத் தெரியாதே, அங்கிள்."

"தெரியாட்டி என்ன, நான் எடுத்துக் கொடுக்கறேன். பின்னாடியே சொல்லு."

"அதில்ல. கடவுள் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

ராமாஞ்சநேயுலுவுக்குக் காது அடைத்தது. "என்னம்மா இது? இத்தனை வருஷமா வீட்டுல என்ன பேசிட்டிருக்கோம்?"

"நீ பேசறே நான்னா, நான் கேக்கறேன். பாதி சரியாத்தான் படுது. மீதியை இன்னும் யோசிச்சு முடிக்கல." அப்பாவை அவள் ‘நான்னா’ என்றுதான் கூப்பிடுவாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு!" என்று அவர் கத்தினார். பகுத்தறிவுச் சங்கச் செயலாளர் பொது இடத்தில் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை.

வீரபத்ர ராவ் தலையைச் சொறிந்தார். "வழக்கமா, தெரியாதவங்களுக்கு அப்பாவோட மதத்தையே போட்டுடுவோம். உங்கப்பாகிட்டயும் இல்லையே."

"எருமைக்கு ஊசி போடறதுக்கு என் மதம் எதுக்கு அங்கிள்?"

"எருமை கேக்கலம்மா. காலேஜ் கேக்குது."

விஷயம் தாசில்தார் பிரபாவதியின் மேஜைக்குப் போனது. அவர் பொறுமையாகவே விளக்கினார். "இதோ பாரும்மா. இருக்குன்னு தெரியும்னு சொல்லு, இல்ல, இல்லைன்னு தெரியும்னு சொல்லு. நடுவுல நின்னா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

அவள் நடுவிலேயே நின்றாள். எனவே, பார்வையில் கண்ட பொருள் தொடர்பாக ‘மெய்ப்பொருள் நிர்ணய உயர்நிலைக் குழு’ ஒன்று அமைத்து ஆணையிடப்பட்டது. சிவன் கோயில் அர்ச்சகர் சோமயாஜுலு, பாஸ்டர் தேவதானம், பள்ளிவாசல் இமாம் மஸ்தான் வலி ஆகியோர் உறுப்பினர்கள். நாத்திகத்துக்கும் ஒரு நிபுணர் வேண்டும். மண்டலத்தில் இருந்தது ஒரே நிபுணர், ராமாஞ்சநேயுலு. அவர் விண்ணப்பதாரரின் தகப்பனாயிற்றே என்று யாரோ கேட்டதற்கு, "மத்த மூணு பேரும் கடவுளுக்கு வேண்டப்பட்டவங்கதான். அதை ஆட்சேபிக்கலையே" என்று தாசில்தார் மேடம் வாய்மொழியாகத் தீர்ப்பளித்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடியது. ஜும்மாவுக்குள் முடித்துவிட வேண்டும் என்று இமாம் முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தறியாத நால்வரும் ஒரே தட்டில் வந்த புனுகுலு போண்டாக்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அம்மாயி, இது எங்க வம்சத்துல பரம்பரை பரம்பரையா தெரிஞ்ச விஷயம்" என்றார் சோமயாஜுலு.

"உள்ளுக்குள்ள ஒரு குரல் கேக்கும் மகளே. அதுக்கு மேல சந்தேகமே வராது" என்றார் பாஸ்டர்.

"உலகத்தையே பாரு பேட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் இமாம்.

"இவங்க மூணு பேரும் சொல்றது தப்பு" என்றார் ராமாஞ்சநேயுலு. "ஆனா தப்பையாவது தைரியமா சொல்றாங்க. நீ?"

மற்ற மூவரும் அவரை நன்றியோடு பார்த்தார்கள். சோமயாஜுலு தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "நாலு பேருக்கும் நாலு விதமா தெரிஞ்சிருக்கலாம். ஆனா நாம தெரிஞ்சவங்க. அதுதான் முக்கியம்."

ஜிக்ஞாசா சற்று நேரம் விரல்களை எண்ணினாள். "நாலு பேரும் நாலு விதமா சொல்றீங்க. அதுல ஒருத்தருக்கு உண்மையாவே தெரிஞ்சிருந்தாக்கூட, மூணு பேருக்குத் தெரியாதுன்னு ஆகுதே. அந்த மூணு பேர் யாரு?"

ஒவ்வொருவரும் மற்ற மூவரையும் அனுதாபத்தோடு பார்த்தார்கள். பிறகு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: ‘தெரியாது’ என்பது மண்டலத்தின் மன அமைதிக்குக் குந்தகம் விளைவிப்பதால், மேற்படி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

மகளின் முகம் சுண்டிப் போனது. ராமாஞ்சநேயுலு அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அவள் நாலு வயசில் டிப்போ வாசலில் சினைமாட்டைத் தடவிக்கொண்டு மத்தியானம் முழுக்க நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது.

அப்போது வீரபத்ர ராவ் நாலு முத்திரைத்தாள்களோடு வந்தார். "நிராகரிக்கணும்னா உறுப்பினருங்க தனித்தனியா பிரமாணம் எழுதித் தரணும். விதி."

அதில் எழுதியிருந்தது: ‘எனது நிலைப்பாடே உண்மை என்பதை நான் நேரில் சோதித்து ஐயமற அறிவேன். இது பொய்யெனக் கண்டறியப்பட்டால் மூன்று வருஷச் சிறைத் தண்டனைக்கு உட்படுவேன்.’

"யாரு கண்டறிவாங்க?" என்று சோமயாஜுலு கேட்டார்.

"அது தெரியாதுங்க பந்துலுகாரு. யாராவது கண்டறிஞ்சா."

சோமயாஜுலுவுக்கு அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடக் கூடாத நட்சத்திரமாக இருந்தது. பாஸ்டர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் மூக்கின் மேல் இருந்தது வேறு கண்ணாடியாம். இமாமுக்குத் தொழுகை நேரம் நெருங்கிவிட்டது.

ராமாஞ்சநேயுலு மட்டும் பேனாவைத் திறந்தார். இந்த மூன்று பேருக்கும் முன்னால் பின்வாங்கக் கூடாது. ‘நேரில் சோதித்து’ என்ற வார்த்தைக்கு வந்ததும் பேனா நின்றது. ஒரு பஸ்ஸின் பிரேக் சரி என்று கையெழுத்துப் போடுவதென்றால், அவர் அடியில் படுத்துப் பார்த்த பிறகுதான் போடுவார். அந்த விஷயத்தில் மேனேஜர் கெஞ்சினாலும் மசிய மாட்டார். இதற்கு அடியில் எப்போது படுத்துப் பார்த்தோம் என்று யோசித்தார். மெதுவாக மூடியைத் திருகினார்.

"என்னாச்சு?" என்றார் மேடம்.

"பேனா எழுதல."

ஜிக்ஞாசா அதை வாங்கித் தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தாள். "எழுதுதே நான்னா."

அவர் பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் செருகினார்.

வீரபத்ர ராவ் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படியொரு சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்ததில்லை. "மேடம், அறிவேன்னு எழுதித் தராதவங்க அறியாதவங்கன்னு கொள்ளப்படணும். பொண்ணோட சேர்த்து அஞ்சு பேர் ஆச்சு. ஒரே நிலைப்பாட்டுல அஞ்சு பேர் இருந்தா புதுசா ஒரு கட்டம் திறக்க வழி இருக்கு."

மேடம் தலையசைத்தார். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ‘மதம்: தெரியாது’ என்று ஐந்து சான்றிதழ்கள் முத்திரையோடு வெளிவந்தன. ஜிக்ஞாசா தன்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மற்றவை நாலாக, எட்டாக மடிக்கப்பட்டு மடியிலும் பைகளிலும் மறைந்தன. இவற்றின் நகல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படக் கூடாது என்று குழு இரண்டாவது தீர்மானத்தையும் ஒருமனதாக நிறைவேற்றிக் கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெதபாடு என்றைக்கும் கேட்காத முழக்கத்தைக் கேட்டது. கோயில் மைக்கும் சர்ச் மைக்கும் போட்டி போட்டன. இமாம் வெள்ளிக்கிழமை பேசியதே இன்னும் சந்தையில் பேச்சாக இருந்தது. சங்கத்து ஹாலில் ராமாஞ்சநேயுலு இரண்டு மணி நேரம் பேசினார். அவர் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பேசியதே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாக்கியத்தில்கூடத் தயக்கம் கிடையாது.

முடிவில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேள்வி ஏதாச்சும் உண்டா?" என்றார்.

மூன்றாவது வரிசையில், மறுநாள் பஸ் ஏற வேண்டிய ஜிக்ஞாசா கையைத் தூக்கினாள். அவர் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு" என்றார்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பக்கத்து நாற்காலிப் பெரியவர், சங்கத்தின் ஆயுள் உறுப்பினர், அவள் பக்கம் குனிந்து கடிந்துகொண்டார்:

"சந்தேகத்தையெல்லாம் வீட்டுல கேட்டுக்கக் கூடாதாம்மா? இது பகுத்தறிவுச் சங்கம்."