ரைட்டருக்குத் தெரியாமல் வந்த மூட்டை

கேட்ட கேள்வியை முழுசாகப் படிக்காமலே 'ஆமாம்' என்று தட்டிவிடும் வியாதி எனக்கு உண்டு. (உங்களுக்கும் உண்டு. ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், அவ்வளவுதான்.) அந்த வியாதி முற்றிப்போய், ஒருத்தரின் ஒரு வருஷத்து உழைப்பை நான் நடுரோட்டில் நிறுத்தப் பார்த்த கதை இது.

ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஜெராக்ஸ் கடை. சேலத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்து வந்ததும் நான் செய்த முதல் காரியம், கடைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டதுதான். "எனக்குப் பிரிண்ட் வந்தாப் போதும் கண்ணு," என்றார் அத்தா. "பாருங்கத்தா, இனிமே பறக்கும்," என்றேன். அந்த வாய்க்கு நாலு போட்டிருக்கலாம்.

லினக்ஸில் மென்பொருள்களைக் கொண்டுவந்து சேர்க்கப் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. எது உள்ளே வந்தது, எதை நம்பி எது நிற்கிறது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. கடையில் ஸ்டிக்கர் அடிக்க ஒரு மெஷின் வாங்கினோம். அதற்கு ஒரு லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் கடன் வாங்கி ஓட்டும் ஒரு துணைக்கோப்பு, வேண்டியிருந்தது. பேக்கேஜ் மேனேஜர் கொடுத்ததோ பழசு. பொறுமையாக இருப்பேனா? நெட்டிலிருந்து புதுசின் மூலநிரலை இறக்கி, நானே கையால் கட்டி, பேக்கேஜ் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே வைத்துவிட்டேன். ஸ்டிக்கர் ஜம்மென்று வந்தது. "பேக்கேஜ் மேனேஜரெல்லாம் தெரியாதவங்களுக்குத்தான் அத்தா," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். (அன்று சுடிதார். இல்லாத காலரைத்தான் தூக்கினேன்.)

ஆறு மாதம் கழித்து வந்தார் தலைச்சோலை பூங்கொடி அக்கா. எஸ்டேட் ஒன்றில் அவர் ரைட்டர். கோடவுனுக்குள் எந்த மூட்டை வந்தது, எது வெளியே போனது என்று எழுதி வைப்பவர். அந்த வருஷம்தான் தன் சொந்தக் காட்டுக் காப்பியை முதன்முதலாகத் தன் பேரிலேயே விற்கிறார். வாங்குகிறவர்களின் வேன் மூன்று மணிக்குத் தலைச்சோலை வரும். மூட்டைக்கு ஒன்றாக அறுபத்திரண்டு ஸ்டிக்கர், மெஷின் படிக்கிற பார்கோடோடு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேன் காலியாகத் திரும்பிவிடும்.

"பத்து நிமிசம், அக்கா. உக்காருங்க," என்றேன்.

அன்று காலையில்தான் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டிருந்தேன். ஸ்டிக்கர் மென்பொருளைத் திறந்தேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். லைப்ரரியில் ஏதோ இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் செத்துப்போனது. நடந்தது இதுதான்: பேக்கேஜ் மேனேஜர் இப்போது தன் பங்குக்குப் புது லைப்ரரியைக் கொண்டுவந்திருந்தது. என் கைவேலையும் உள்ளேதான் கிடந்தது. மென்பொருள் புதுசைத் தேடிப் போக, ஆறு மாதத்தில் பழசாகிவிட்ட என்னுடையது குறுக்கே வந்து நின்றது.

இது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம் ஆத்திரம் மட்டும்தான். என்னைவிட இதற்கு அதிகம் தெரியுமா? அதன் லைப்ரரியைத் தூக்கி எறி என்று அதற்கே கட்டளை போட்டேன். திரையில் மளமளவென்று ஒரு பட்டியல் ஓடியது. கடைசியில் 'தொடரலாமா?' என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினேன்.

ஒவ்வொன்றாகப் போனது. அந்த லைப்ரரியை நம்பியிருந்த பிரிண்டர் சமாசாரம் போனது. ஜன்னல், படம், எலி அம்புக்குறி எல்லாம் போனது. கடைசியில் கறுப்புத் திரை, அதில் கண்ணடிக்கும் ஒரு கோடு. மணி பதினொன்றரை.

"என்னுங்க, கரண்ட் போயிருச்சா?" என்றார் பூங்கொடி அக்கா.

"இல்லக்கா. கரண்ட் மட்டுந்தான் இருக்கு."

அத்தா கையால் எழுதித் தரலாமா என்று கேட்டார். "மெஷின் படிக்காதுங்க பாய்," என்ற அக்காவின் குரல் உடைந்துவிட்டது. "ஒரு வருசமா காட்டுலயே கெடந்தேனுங்க. பழம் பொறுக்கி, காய வெச்சு, மழைக்கு மூடி... இன்னைக்கு வேன் திரும்பிப் போச்சுன்னா அடுத்த வருசம் எவனும் வர மாட்டானுங்க." எனக்கு அந்த மேஜைக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது.

"ஏனுங்க, என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுக் கதையையும் ஒப்பித்தேன். கையால் கட்டியது, சொல்லாமல் வைத்தது, எல்லாம். கேட்கக் கேட்க அக்காவின் முகம் அழுகையிலிருந்து கோபத்துக்கு மாறியது.

"அடக் கடவுளே! ரைட்டருக்குத் தெரியாம கோடவுன்ல மூட்டை வெச்சிருக்கீங்க! அப்புறம் ரைட்டர் மேலயே பழி போட்டு, ரைட்டரோட மூட்டையையும் வெளிய எறிஞ்சிருக்கீங்க! எங்க எஸ்டேட்டா இருந்தா உங்களை அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பியிருப்போமுங்க!"

திட்டுதான். ஆனால் சுரீரென்று உறைத்தது. திருட்டு மூட்டை என்னுடையதுதானே! அதையல்லவா முதலில் வெளியேற்ற வேண்டும்? கறுப்புத் திரையிலும் கட்டளை போட முடியும். கேபிள் நெட்டும் நல்லவேளை உயிரோடு இருந்தது. நான் கையால் வைத்த கோப்புகளை ஒன்று விடாமல் தேடி அழித்தேன். லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னேன். பேக்கேஜ் மேனேஜர் தான் எடுத்தவற்றையெல்லாம் தேதி வாரியாக எழுதியே வைத்திருந்தது. (ரைட்டர் என்றால் ரைட்டர்!) அத்தனையையும் திருப்பிக் கொண்டுவா என்றேன். மறுபடி நீளமான பட்டியல். மறுபடி 'தொடரலாமா?'

என் விரல் பழக்கதோஷத்தில் பறந்தது. பூங்கொடி அக்கா லபக்கென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படிங்க. பூராப் படிங்க. சத்தமா."

பட்டியலில் நூற்று முப்பத்தேழு பெயர்கள். வாய்விட்டுப் படித்தேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதத்தில் கோடு போட்டார். ஜெராக்ஸுக்கு வந்த வெள்ளக்கடை ஊர்க்காரர் ஒருவர், "ஏனுங்க பாய், பாப்பா பரிட்சைக்குப் படிக்குதுங்களா?" என்று விசாரித்தார். "ஆமாங்க," என்றார் அத்தா, "அஞ்சு வருசம் தாமதமா." படித்து முடித்த பிறகுதான் அக்கா என் கையை விட்டார்.

ஒன்றரை மணிக்கு ஜன்னல்கள் வந்தன. எலி அம்புக்குறி வந்தது. ஸ்டிக்கர் மென்பொருள் ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தது. முதல் ஸ்டிக்கர் மெஷினிலிருந்து நாக்கை நீட்டியபோது நான் போட்ட கூச்சலில் ஏரியில் படகு ஓட்டியவர்கள் திரும்பியிருப்பார்கள். 'பூங்கொடி, தலைச்சோலை' என்று அதில் தன் பேரைப் பார்த்த அக்கா அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அக்காவின் ஸ்கூட்டியில் இருவரும் பறந்தோம். வேன்காரர் டீ குடித்து முடிப்பதற்குள் அறுபத்திரண்டும் ஒட்டியாகிவிட்டது. முதல் மூட்டையை வேன்காரரின் மெஷின் 'பீப்' என்று படித்தது. அந்தச் சத்தத்துக்கு நிகரான சங்கீதத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேன் குப்பனூர் ரோட்டுப் பக்கம் இறங்கி மறையும்வரை இருவரும் கையாட்டிக்கொண்டே நின்றோம். ஜெயித்துவிட்டோம்! அடுத்த வருஷம் அதே வேன் கூப்பிடாமலே வந்தது.

அத்தா மட்டும் அதை மறக்கவில்லை. போன வருஷம் எனக்கு நிக்காஹ். அத்தாவும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்து, மாப்பிள்ளையின் பேரையும் அவர் எனக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டார்கள். வாயைத் திறந்தேன்.

"இரு கண்ணு," என்றார் அத்தா. "அவசரப்பட்டு ஆமான்னு தட்டிராத. பூராப் படிச்சியா?"

பெண்கள் கூட்டம் மொத்தமும் சிரித்தது. நான் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே, "படிச்சுட்டேன்த்தா. சம்மதம்," என்று சொல்லி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

பின்னாலிருந்து பூங்கொடி அக்காவின் குரல் கேட்டது: "அப்பாடா! இந்த மூட்டையாவது ரைட்டருக்குத் தெரிஞ்சு உள்ள வந்துச்சுங்களே!"