வெள்ளை பூத்த எறும்பும் அரக்கோணத்துச் சம்பந்தமும்

ஆம்பூர்,
சனிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஹெலனுக்கு,

அப்பா ஏசடியான் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. தேவ கிருபையால் இங்கு நானும் உன் அம்மாவும் சுகம். பனாமா தேசத்தில் நீயும், உன் ஆராய்ச்சிப் பொறுப்பில் உள்ள எறும்புகளும், அவைகளின் பூஞ்சைத் தோட்டமும், அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுகிறாய். ஆகவே எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். டிசம்பரில் வேலையை முடித்துக்கொண்டு நீ ஊருக்கு வந்துவிட வேண்டும். இன்னும் மூன்று வருஷம் இருக்கட்டுமா என்று கேட்டாயே, அது நடக்காது. போன ஞாயிறு அரக்கோணத்துக்காரர்கள் உனக்குப் பூ வைக்க வந்து, அது என்னால் கெட்டுப்போனதில் நீ பாதிதான் பார்த்தாய். பொண்ணு ஊரில் இல்லாததால் செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்து, அதற்குத்தான் பூ வைப்பதாக ஏற்பாடு. பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்தார். மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம், "அங்க இன்னாம்மா வேலை?" என்று மரியாதைக்குக் கேட்டது. நீ உடனே எறும்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டி, இதுங்க இலையை வெட்டிட்டு வந்து தின்னாது ஆன்ட்டி, மென்னு உரமாக்கி, அதுல பூஞ்சை பயிர் பண்ணி அதைத்தான் சாப்பிடும்னு ஆரம்பிச்சிட்ட. அதோட விட்டியா? ஒரு எறும்பை கேமரா கிட்ட கொண்டாந்த. அது நெஞ்செல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்திருந்தது. தோல் பதனிடுற டேனரியில ஈரத்தோல் அடுக்குல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா, வாங்குறவன் பாக்குறதுக்கு முன்னாடி நான் பாக்கணும். ஆயுசு பூரா அதான் என் வேலை. எங்க பாஷையில அதுக்குப் பேரே பூ. அதான் "துடை, துடை, துணி எடுத்துத் துடைம்மா!"ன்னு கத்திட்டேன்.

நீ சிரிச்சே. "அப்பா, அது பூஞ்சை இல்ல, பாக்டீரியா. தோட்டத்துல களைப்பூஞ்சை வந்தா அதைக் கொல்ற மருந்தை இதுதான் சுரக்குது. துடைச்சா தோட்டமே போச்சு"ன்ன. அதோட சிக்னல் போச்சு. அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாது. சௌந்தரம் அம்மா மல்லிப்பூவை எடுத்து, "சரிங்க, பூ வெச்சிடலாமா?"ன்னுச்சு. என் புத்தி இன்னும் டேனரியிலயே இருந்தது. "ஐயையோ, பூ வேணாங்க! பூ வந்தா மொத்த லாட்டும் ரிஜெக்ட்!"னுட்டேன். பாஸ்டர் மேலே பாத்தார். சமாளிக்கலாம்னு, "தப்பா நினைக்காதீங்க, பாக்டீரியா எல்லாமே கெட்டதில்ல, உங்க வயித்துலகூட கோடிக்கணக்குல இருக்குது"ன்னேன். "எங்க குடும்பத்துல யாருக்கும் அந்த மாதிரி வியாதி கிடையாதுங்க"ன்னு அந்த அம்மா எழுந்துடுச்சு. பிரியாணியைத் தொடக்கூட இல்ல. ஆம்பூருக்கு வந்து பிரியாணி தொடாம போனவங்களை அன்னைக்குத்தான் பாத்தேன். அன்னையிலேருந்து உன் அம்மா என்கிட்ட பேசறதில்ல. ஒரே பேஜார்.

பேச ஆள் இல்லாம யோசிச்சிட்டே இருக்கேன். டேனரியில பூஞ்சைக்கு மருந்து அடிப்போம். ரெண்டு மழைக்காலம் கேக்கும், அப்புறம் அது பழகிக்கும், வேற மருந்து மாத்தணும். உன் எறும்பு காலங்காலமா ஒரே மருந்தை வெச்சு சமாளிக்குது, ஏன்னா அந்த மருந்தைச் செய்யறதே உயிருள்ள ஒண்ணுன்னு நீ முன்ன சொன்ன. சுத்தம்னா உயிரே இல்லாம இருக்கிறதுன்னு இத்தனை நாள் நினைச்சிட்டேனே. இன்னொண்ணும் சொன்ன. புதுசா வெளிய வர்ற எறும்புக்கு மூத்த எறும்புங்கதான் அந்த வெள்ளையை ஒட்ட வைக்கும், தனியா பிரிச்சு வளர்த்தா அதுக்கு ஒட்டவே ஒட்டாதுன்ன. அதைக் கேட்டதிலேருந்து மனசு சரியில்ல. நீ தனியாதானே இருக்க? போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தியே, எழுந்த பிறகுதானே எங்களுக்குச் சொன்ன? பயமா இருக்குதும்மா. கல்யாணம் சும்மா ஒரு சாக்கு.

ஆகவே டிசம்பருக்கு டிக்கெட் போடவும். அரக்கோணத்துக்குப் பேசி, எறும்பு வேலையை விட்டாச்சு என்று பணிவாகச் சொல்லவும். ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும், பெற்றவர்கள் பேச்சைக் கேட்கிற மனதையும் தருவாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
ஏசடியான்

பின்குறிப்பு: படம் பிடிக்கறதுக்குள்ள உன் அம்மா இதைப் புடுங்கிப் படிச்சிட்டா. படிச்சிட்டுப் பேசவும் செஞ்சிட்டா. சௌந்தரம் அம்மா திங்கட்கிழமையே போன் பண்ணிச்சாம். பூ விஷயத்தை மறந்துடலாம், பொண்ணு எறும்பை விட்டுட்டு வந்தா போதும்னுச்சாம். உன் அம்மா, "அப்படின்னா வேணாங்க"ன்னு போனை வெச்சிட்டாளாம். "ஏன்டீ அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டேன். "எறும்பைக் காட்டும்போது நம்ம பொண்ணு மூஞ்சிய பாத்தீங்களா? நீங்க எறும்பைத்தான் பாத்தீங்க"ன்னா.

நிஜம்தான், நான் பாக்கல. மேலே எழுதினது எதுவும் செல்லாது. மூணு வருஷம் இரு கண்ணு. அடுத்த தடவை பேசும்போது எறும்பைப் பத்தியே சொல்லு. போனை மட்டும் உன் மூஞ்சிக்கு நேரா வெச்சிக்கோ.