நடக்க முடியாதவர்கள் பட்டியல்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை குருட்டாம்போக்குதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய பிழை ஒன்றைத்தான் எழுதப் போகிறேன்.

கடலூருக்குத் தெற்கே, ரசாயனக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் எங்கள் ஊர். ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர் நான். வால்வைத் திறப்பேன், மூடுவேன். வால்வு எதிர்த்துப் பேசாது என்பதால் எனக்குப் பிடித்த வேலை. (நாலு பேர் முன்னால் நிறுத்தினால் எனக்கு என் பேரே மறந்துவிடும்.)

ஒருநாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூட்டம் என்று ஊராட்சி செயலாளர் என்னையும் பைக்கில் ஏற்றிப் போனார். அங்கே ஓர் அதிகாரி பேசினார். அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், ஆபத்து வந்தால் யாரை எங்கே கூட்டிப்போவது என்று முன்கூட்டியே திட்டம் போட்டு ஒத்திகை பார்ப்பார்களாம். விஷவாயு கசிந்தால் நாமும் அப்படித்தான்: சங்கு ஊதியதும் மூக்கில் ஈரத்துண்டு, கையில் ரேஷன் கார்டு, நேராகப் பள்ளிக்கூட மைதானம். நடக்க முடியாதவர்களை ஊராட்சி வண்டி வந்து ஏற்றும். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும்.

"வீடு வீடா தெரிஞ்ச ஆளு நீதான்யா" என்று செயலாளர் நோட்டை என் கையில் திணித்துவிட்டார்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி. கேட்பதற்குள் சட்டை நனைந்துவிடும். எண்பதைத் தாண்டிய கோதண்டம் மாமா, "எவன்டா சொன்னான் என்னால நடக்க முடியாதுன்னு?" என்று தெருக்கோடிவரை நடந்து காட்டினார். திரும்பி வரத்தான் முடியவில்லை. தூக்கி வந்து உட்காரவைத்துப் பேரை எழுதிக்கொண்டேன். எதிர்வீட்டு அக்கா, "பென்ஷன் தருவாங்களா? அப்ப என் பேரையும் போடு தம்பி" என்று அன்று மட்டும் நொண்டினார்.

என் மனைவி அஞ்சலைக்கு முந்தின வருஷம்தான் வாதம் வந்து இடதுபக்கம் விழுந்திருந்தது. அவளுடைய கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பட்டியலை நல்லபடியாகத் திருப்பி எழுதினேன். நடக்க முடியாதவள் என்று அவளை நான் நினைத்ததே இல்லை. எங்கே போவதென்றாலும் நான்தான் தூக்கிப் போகிறேனே!

ஒத்திகை நாளில் காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியது. ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஊராட்சியின் குட்டியானை லோடு வண்டியின் பின்னால் நின்றேன். பட்டியலில் இருந்த பதினாலு பேரையும் ஏற்றி இறக்கினேன். (கோதண்டம் மாமா முன்சீட்டு கொடுத்தால்தான் ஏறுவேன் என்றார். கொடுத்தோம்.)

மைதானத்தில் அதிகாரி மைக்கில் பேர்களை வாசித்தார். ஒருத்தர்கூட விடுபடவில்லை. கைதட்டினார்கள். என்னை இழுத்து நிறுத்திச் சால்வை போர்த்தினார்கள்.

"உங்க வீட்ல எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று அதிகாரி மரியாதைக்குக் கேட்டார்.

கூட்டத்தைப் பார்த்தேன். மைக் என் வாய்க்கு நேராக இருந்தது.

"இல்லீங்க."

நான் மைக்கில் பேசியது ஆயுளில் அந்த ஒரு வார்த்தைதான். ஊரே சிரித்தது. கோதண்டம் மாமா, "அடப்பாவி, அஞ்சல எங்கடா?" என்று கத்தியதும் சிரிப்பு நின்றது. (வண்டியில் நிற்பவனே வீட்டுக்காரன், ஏற்றாமலா இருப்பான் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் அவளை விட்டுப் போயிருக்கிறார்கள்.)

சால்வையோடு ஓடினேன்.

அஞ்சலை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலிலிருந்து இறங்கி, ஒரு கையை ஊன்றித் தரையிலேயே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முழங்கை உரிந்திருந்தது. மூக்கில் துண்டு. பக்கத்தில் சொம்பு, துண்டு காயக் காய நனைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மடியில் ஒரு பை. அதில் ரேஷன் கார்டும் என் சட்டை ஒன்றும் இருந்தன. அவளுடையது எதுவும் இல்லை.

"எல்லாரையும் ஏத்திட்டியா?" என்றாள்.

"ஏத்திட்டேன்."

"என் பேரு?"

சால்வையை உருவிக் கக்கத்தில் சுருட்டிக்கொண்டேன்.

"அதான, வண்டி ரெண்டு வாட்டி வாசலத் தாண்டிப் போச்சு. நீ பின்னாடி நின்னுக்கினு போற, பெரிய கலெக்டராட்டம்."

"உனக்குத்தான் நான் இருக்கேனேன்னு நெனச்சுட்டேன் புள்ள."

"நீ எங்க இருந்த?"



"ஒத்திகைதான, முடிஞ்சிபோச்சு" என்றேன்.

"எனக்கு முடியல. தூக்கு."

முதுகில் சுமந்துகொண்டு போனேன். காலி மைதானத்தில் செயலாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒத்திகைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த தக்காளி சாதம் தீர்ந்துவிட்டதால் தன் பொட்டலத்தை அவளுக்குக் கொடுத்து, அவள் பேரைப் பட்டியலின் கடைசி வரியில் எழுதினார். அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த வாட்டி மொத வரி எனக்கு."

அடுத்த ஒத்திகைக்கு முன்னால் இரண்டாவது தடவை வாதம் வந்தது. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் எங்களை அங்கே இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சீட்டு எழுதுகிறவர் நிமிர்வதற்குள், "அஞ்சலைங்க! பேரு அஞ்சலை!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த வாட்டி அப்பா உன் பேர விடலம்மா" என்றாள் மகள்.

அஞ்சலை பாதி வாயால் சிரித்தாள். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

இப்போதும் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், வண்டியில் ஏறியதும் மருமகன், "மாமா, எல்லாரையும் ஏத்தியாச்சா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே தலைகளை எண்ணுவேன்.

ஊராட்சிப் பட்டியலை வருஷாவருஷம் நான்தான் எடுக்கிறேன். முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாவது வரியில் கோதண்டம் மாமாவிலிருந்து தொடங்குவேன். செயலாளர் ஏன் என்று கேட்பதில்லை.

இதை எழுதியது மாசி மகத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.